வெயிலில் காய்ந்த இசைத்தட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடைச் சுவரிலிருந்து கிடைத்தது. தென்காசியில் மழைக்கு ஒதுங்கிய கடை. கிராமபோனும் இசைத்தட்டும் விற்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தட்டு தொங்கியது. எண்ணெயில் விழுந்த அப்பளம் போல நெளிந்திருந்தது. அதன் முகத்தில் ஓலைப்பாயின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"வெயில்" என்றார் கடைக்காரர். அதற்குமேல் சொல்லவில்லை. மழை விட்டது. வந்துவிட்டேன்.

மீதியை நான் உண்டாக்கினேன். ஆகவே கீழே வருவதை முழுதாக நம்ப வேண்டாம். நான் நம்பவில்லை.

2

முதல் தொடக்கம்: சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்து மலை முகட்டிலிருந்து வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல்

வேண்டாம். அருவியை எழுதினால் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். என் கதையின் ஆள் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டாம் தொடக்கம்: ஆறுமுகநயினார் யாரையும் நம்பமாட்டார்.

இது இருக்கட்டும்.

3

ஆறுமுகநயினார் இலஞ்சியில் நெல் தரகர். மேலே நல்ல நெல்லைப் பரப்பி, அடியில் பதரையும் ஈர நெல்லையும் வைத்துத் தைத்த மூட்டைகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். இடுப்பில் எப்போதும் குத்தூசி இருக்கும். மூட்டையின் அடியில் குத்தி, வந்து விழுகிற மணியை உள்ளங்கையில் தேய்த்து, பல்லில் கடித்து, பிறகுதான் வாய் திறப்பார். அவர் "நல்ல நெல்லு" என்றால் வாங்குகிறவன் மூட்டையை அவிழ்ப்பதில்லை. அந்த வாய்ச்சொல்தான் அவர் பிழைப்பு.

கல்யாண வீட்டில் வெற்றிலை கொடுத்தாலும் கட்டின் அடி வெற்றிலையை உருவிப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் அவர் குத்திப் பார்த்ததில்லை. நாகசுரத் தட்டு ஒன்று வைத்திருந்தார். ஒரே ஒரு தட்டு. அருவியில் குளித்துவிட்டு வந்ததும் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து அதை வைப்பார். ஆலாபனை.* நடுவில் ஊதுகிறவர் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு இழுப்பார். அந்த மூச்சு தட்டில் கேட்கும். பதிவு செய்தவர்கள் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். அதன் பிறகு வாத்தியம் மேலே ஏறும். நயினார் அந்த மூச்சுக்காகக் காத்திருப்பார். அது வரும்போது தன் மூச்சையும் சேர்த்து இழுப்பார். அந்தச் சிறிது நேரம் உலகத்தில் எந்த மூட்டைக்கும் அடி கிடையாது.

(* ராகத்தின் பெயரை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நயினாருக்குத் தெரியாது. நமக்கு மட்டும் எதற்கு?)

4

இனி விபத்து. இதை விரைவாகச் சொல்கிறேன். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

ஆடிச் சாரலில் தட்டின்மேல் பூசணம் பிடித்தது. நெல் நனைந்தால் என்ன செய்வோம்? காயப் போடுவோம். ஒரு நாள் காலையில் வெயில் அடித்தது. முற்றத்து ஓலைப்பாயில் தட்டைப் பரப்பிவிட்டு, இலத்தூருக்கு நெல் பார்க்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது தட்டு பாயோடு படிந்து கிடந்தது. உரித்து எடுத்தார்.

"நெல்லும் இதுவும் ஒண்ணா?" என்றாள் மனைவி பேச்சித்தாய்.

"முன்னாலயே சொல்லதுக்கு என்னட்டி?"

"கேட்டாத்தானே சொல்லதுக்கு."

5

தட்டு வாங்கிய கடை தென்காசியில் அகமது கபீருடையது. நயினார் அங்கே போய், ஊரில் எவனும் அவரிடம் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பொய் சொன்னார்.

"சரக்கு சரியில்ல ராவுத்தரே. பெட்டில இருந்தபடியே நெளிஞ்சு போச்சு."

கபீர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

"சில தட்டு அப்படித்தான் அண்ணாச்சி. வேற தாரேன்."

"எவ்வளவு?"

"சரக்கு சரியில்லன்னா நாந்தானே மாத்தித் தரணும்? சும்மா கொண்டு போங்க."

புதுத் தட்டை மெழுகுத் துணியில் சுற்றினார். கூட ஓர் ஊசி டப்பாவும் வைத்தார். வாசல்வரை வந்து, "தூத்தல் போடுது, நனையாம போங்க" என்றார்.

நயினார் நனைந்துகொண்டே போனார். தட்டு நனையவில்லை.

6

"சும்மா குடுத்தானா? நல்லதாப் போச்சு" என்றாள் பேச்சித்தாய்.

"ஏட்டி, சும்மா எவனாவது குடுப்பானா?"

"நான் இத்தனை வருசமா சோறு சும்மாதானே போடுதேன்."

"அது வேற."

"எப்படி வேற?"

நயினார் சாவி முடுக்கினார். தட்டு சுழன்றது. கீறல் இருக்கிறதா, பழைய தட்டா, இரைச்சல் கூடுதலா என்று காதால் குத்திக் குத்திப் பார்த்தார். தட்டு முடிந்துவிட்டது. மூச்சு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

மறுபடி வைத்தார். மூச்சு வந்தது.

"பழசை விட இதுல மூச்சு பெருசா இருக்கு."

"ஊதுறவருக்குத் தடுமன் புடிச்சிருக்கும்."

"ஆளே வேறயோ என்னமோ."

"நீங்க ஊதலைக் கேக்கீயளா, அவரு மூச்சை அளக்கீயளா?"

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். குளித்துவிட்டு வந்து தட்டை வைக்கிறார், கேட்க முடியவில்லை. ஓசைக்குப் பின்னால் கபீரின் விரல் தடவிக்கொண்டே இருக்கிறது.

7

கபீர் ஏன் கொடுத்தார்? எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஒருவேளை அவர் சொந்தக்காரர் யாருக்காவது நயினாரின் வாய்ச்சொல்லை வைத்து ஈர நெல் விற்க வேண்டியிருக்கலாம். (நயினாருக்கும் இது தோன்றியது. விசாரித்தார். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வயல் கிடையாது.)

ஒருவேளை யாரோ திருப்பிக் கொடுத்த தட்டைத் தள்ளிவிட்டிருக்கலாம். (பிரிக்கும்போது உறை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.)

ஒருவேளை அவர் நல்லவராக இருக்கலாம்.

இதை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணமில்லாமல் ஒருவர் நல்லவராக வந்தால், வாசகர் அவரை விட்டுவிட்டு என்னைச் சந்தேகிப்பார்.

8

நயினார் புதுத் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். படியில் கால் வைத்ததும் நின்றார். சுவரில் அவருடைய தட்டு தொங்கியது.

செங்கோட்டைக்காரர் ஒருவருக்குக் கபீர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். "வெயில்ல வச்சா இப்படி ஆயிரும், பாத்துக்கிடுங்க."

"பாய் அச்சுல்லா விழுந்திருக்கு! எவன்வே நெல்லு மாதிரி காயப் போட்டது?" அவர் சிரித்தார்.

கபீர் நிமிர்ந்தார். படியில் நின்ற நயினாரைப் பார்த்தார்.

"யாரோ வெளியூர்க்காரர்" என்றார்.

ஆக, இதுதான் மூட்டையின் அடி. வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டியிருந்தது, அதற்காகக் கொடுத்திருக்கிறார். நயினாருக்கு நிம்மதியாக இருந்தது. (கதையை இங்கே முடித்திருப்பேன். ஆனால் கடையில் வீணாய்ப்போன எந்தத் தட்டையும் வெயிலில் வைத்து இப்படி ஒரு மாதிரி செய்துகொள்ளலாம். அதற்குப் புதுத் தட்டு கொடுக்க வேண்டியதில்லை. நயினாருக்கும் இது உடனே தோன்றிவிட்டது.)

செங்கோட்டைக்காரர் போகும்வரை காத்திருந்தார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீரா?"

"மழைல நிக்காதீய, உள்ள வாங்க அண்ணாச்சி."

"கேட்டதுக்குச் சொல்லும்."

"பாய் பதிஞ்சிருக்கே. குருடனுக்கும் தெரியும்."

"இந்தத் தட்டுக்கு உள்ள துட்டை எடுத்துக்கிடும்."

கபீர் கையை நீட்டவில்லை. "வாங்கினா நீங்க சொன்னது பொய்னு ஆயிரும். அப்புறம் உங்க குத்தூசியை எவன் நம்புவான்?"

இதை அவர் அன்பாகச் சொன்னாரா, பிடி ஒன்று கையில் இருக்கிறது என்று சொன்னாரா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முகத்தை எழுதினால் தெரிந்துவிடும் என்று முகத்தை எழுதப் போனேன். அவர் குனிந்து, நயினார் கொண்டுவந்த தட்டை மெழுகுத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

9

முடிவுகள்.

நயினார் தட்டை உடைத்துவிடுகிறார். (பேச்சித்தாய் விடமாட்டாள்.)

நயினார் சந்தையில் நின்று, தட்டை வெயிலில் வைத்தது நான்தான் என்கிறார். (ஊர் ஒருநாள் சிரிக்கும். அடுத்த நாள் ஒவ்வொருவரும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.)

நயினார் கபீரை நம்பி

இந்த வரியை என்னால் முடிக்க முடியவில்லை. எனக்கும் பழக்கமில்லை.

ஆகவே, நான் எழுத முடிந்தது இவ்வளவுதான். குளித்துவிட்டு வந்திருக்கிறார். தலை ஈரம் இன்னும் சொட்டுகிறது. குத்தூசியைக் கழற்றி மாடத்தில் வைத்திருக்கிறார். அடுக்களையில் பேச்சித்தாய் அம்மியை நிறுத்திவிட்டாள். புதுத் தட்டு சுழல்கிறது. ஊசி இன்னும் அதைத் தொடவில்லை, அவர் விரலில் நிற்கிறது. தொட்டபிறகு அந்த இடம் வரும்போது அவரும் மூச்சை இழுப்பாரா, அளப்பாரா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

வெகுநேரம் யோசிக்காதீர்கள். கொடுத்த சாவி இறங்கிக்கொண்டிருக்கிறது.