சுகுமாரன் படத்துக்கு ஒரு மாலை

சுகுமாரனின் முகத்தின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தினேஸ்வரி அழுத்திய அழுத்தில் மேசையே முனகியது. நீராவி இல்லாமல், நல்ல சூட்டில், அழுத்தித் தேய்த்தால்தான் தாளில் இருக்கும் படம் துணியில் ஒட்டும். அவள் தேவைக்கு மேலேயே அழுத்தினாள். கைக்கு அது சுகமாக இருந்தது.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. குரோஷே ஊசியால் நூல் பின்னிய பைகள், தலையணை உறைகள், சுவரில் மாட்டும் பின்னல்கள் என்று எதைக் கேட்டாலும் அதில் கேட்ட படத்தை ஒட்டிக் கொடுப்பாள். பின்னலின் மேல் நேராக ஒட்டினால் ஓட்டைகளில் மூக்கு ஓரிடம், முழி ஓரிடம் என்று போய்விடும். மலிவு நூலென்றால் சூட்டில் உருகிச் செத்தே போகும். அதனால் வெள்ளைப் பருத்தித் துணியில் ஒட்டி, அதைப் பின்னலோடு சேர்த்துத் தைப்பாள்.

இந்த வேலையைக் கொண்டுவந்தவள் கலாதேவி. புருஷனுக்கு அறுபதாம் கல்யாணமாம். அவருக்கே தெரியாமல் செய்து மேடையில் பிரிக்கப் போகிறாளாம்.

“நல்லா பெருசா பண்ணும்மா. பூவெல்லாம் வச்சிடு, கிராண்டா இருக்கணும் லா,” என்று கைப்பேசியில் படத்தை அனுப்பினாள்.

தினேஸ்வரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தலை நரைத்து, தாடை தொங்கிப் போயிருந்தாலும் அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியாதா?

சித்தியவான் பக்கம் அவள் குடும்பம் இருந்த ரப்பர் தோட்டம் வீடமைப்புக்கு விலைபோனபோது இந்தச் சுகுமாரன்தான் அங்கே கோயில் தலைவர்; பெண்டாட்டி பிள்ளையை ஈப்போவில் வைத்துவிட்டு வந்துபோனவர். லயத்து வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று நின்றவர் தினேஸ்வரியின் அப்பா ஐயாவு. அந்த இழுபறியிலேயே நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் அவளும் சாம்பலைக் கரைக்க லூமுட் கடலுக்குக் கிளம்பிய காலையில், “போய்ட்டு வாங்க, வீட்ட நான் பாத்துக்கிறேன்,” என்று சிரித்தார் சுகுமாரன். அவர்கள் பஸ் ஏறியதும், வீடு காலி என்று அவரே இடிக்கும் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். திரும்பி வந்தபோது புல்டோசர் வேலையை முடித்திருந்தது. அவர்கள் முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போன அப்பாவின் படம் அந்தக் குவியலில் கிடைக்கவேயில்லை. அவருக்கென்று இருந்ததே அந்த ஒரு படம்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு திதிக்கும் வெறும் சுவரைத்தான் கும்பிடுகிறார்கள்.

இப்போது பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. விடுவாளா?

பூவை நாலு பக்கமும் வைத்துத் தைத்தால் அது வெறும் சட்டம். மேல் மூலை இரண்டிலும் தொடங்கி, கீழே இறங்கி நெஞ்சில் வந்து சேர்ந்தால் மாலை. உயிரோடிருப்பவர் கழுத்தில் மாலை விழலாம், அவர் படத்தில் விழக்கூடாது. தினேஸ்வரி செவ்வந்தி நிறத்தில் பூப்பூவாகப் பின்னி, மாலையாகவே தொங்கவிட்டுத் தைத்தாள். இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தாள். கடைசியில் சிவப்பு நூலெடுத்து அவர் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தாள். கலாதேவி பாவம்தான். இருந்தாலும் ஊசி நிற்கவில்லை.

ஈப்போ மண்டபத்தில் நல்ல கூட்டம். காகிதம் சுற்றிய பின்னலைத் தினேஸ்வரி மேடையேறும் நேரத்தில்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்; கலாதேவி அவளையும் சாப்பிட்டுப் போகச் சொல்லி உட்கார வைத்தாள். சுகுமாரன் மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றார். கலாதேவி காகிதத்தைக் கிழித்துப் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள். கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் யாரோ “ஐயோ முருகா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கலாதேவி அதைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவள் அதை நாற்காலியில் சாய்த்துவிட்டு விலகினாள்.

“யாரு செஞ்சது இத?” சுகுமாரனுக்குக் குரல் பிசிறியது.

தினேஸ்வரி எழுந்து நின்றாள். “நான்தான். ஐயாவு மவ.”

அவர் முகம் வெளுத்தது. “கழட்டுங்க அத!” என்று கத்தினார். பெற்ற மகனே ஓரடி பின்னால் போனான். கடைசியில் அவரே குனிந்து, தன் படத்து மாலையைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். பின்னல் நீண்டு கொடுத்ததே தவிர ஒரு பூக்கூட வரவில்லை. மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி மறுபடி இழுத்தார்.

“ஒங்க படத்துலேருந்து ஒரு மாலையக் கழட்ட இந்தப் பாடு படுறீங்களே அண்ணே,” என்றாள் தினேஸ்வரி. “எங்கப்பாவுக்கு மாலை போட ஒரு படம் இல்லாம பண்ணிட்டீங்களே, அப்ப நாங்க என்ன பாடு பட்டிருப்போம்?”

சொல்லிவிட்டு நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்தாள். பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.