பந்து நன்றாக இருக்கிறது

என் இடது இடுப்புக்கு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. பதினோராம் ஆண்டுப் பரிசோதனைக்கு வரவும். துணைக்கு ஆள் வரலாம். இடுப்புக்குள் இருப்பது அறுவை செய்து வைத்த பீங்கான் பந்து. துணை நான்.

என் மனைவி செண்பகவல்லியும் கிளம்பினாள். அவள் மானாமதுரைக்காரி. தட்டிப் பார்க்காமல் ஒரு பானையைக்கூட வாங்க மாட்டாள்.

ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் மருத்துவமனை வராந்தா ஒரு முழம் நீண்டது. சத்தம் போடும் பந்தைக் கழற்றிவிடுவார்கள். பந்து போனால் என்னால் நடக்க முடியாது.

டாக்டர் இன்னாசிமுத்து என்னைப் பார்க்காமல் இடுப்புக்கு வணக்கம் சொன்னார். விரலை மடக்கித் தட்டினார். கிண்ணென்று கேட்டது.

“அருமை. துளிகூடத் தேயல. இன்னும் முப்பது வருஷம் ஓடும்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப அந்தக் கீச்சு?” என்றாள் செண்பகவல்லி.

“அது பந்து இல்லம்மா. இவரு.” என் நெஞ்சைத் தட்டினார். லொட்டென்று கேட்டது. “விரிசல் விட்டிருக்கு. ஆளை மாத்திருவோம்.”

“நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்?”

“பேசாதீங்க. விரிசல் ஓடும்.”

நர்ஸ் அலமாரியைத் திறந்தார். உள்ளே மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். மூவரும் என் சட்டையைப் போட்டிருந்தார்கள். செண்பகவல்லி வரிசையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள், வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் ஆளை இரண்டு முறை தட்டினாள்.

“இவுக இருக்கட்டும்.”

பந்தைக் கழற்றும்போது வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அதை மூன்றாம் ஆளுக்குப் பொருத்தினார்கள். அவர் எழுந்து நடந்தார். கீச்சு இல்லை. வராந்தா நாலே அடியில் முடிந்தது.

“பழச என்ன செய்வீக?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“உடைச்சிருவோம். வேணும்னா கொண்டுபோய்ச் செடி வைக்கலாம்.”

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

“மாடில கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி வேணும்தான். ஆனா விரிசல்ல தண்ணி ஒழுகுமே?”

“ஒழுகாது, வல்லி,” என்றேன். விரிசல் ஓடுவது எனக்கே கேட்டது. மேற்கொண்டு பேசாமல், மண் போட வசதியாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.