நான்கு தட்டு

கணவனுடைய இடது கையைப் பிடித்து அவள் மேசைமேல் தட்டினாள். ஓர் அசைக்கு ஒரு தட்டு. "மன்... னிச்... சி... டு." அவன் அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தான். பார்க்கட்டும், வாய்தான் அடைத்துப் போயிற்றே.

அவனை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டு விழிப்பவர்களிடம்கூட, "பரவால்லம்மா, பதறாதீங்க" என்பான். இருந்த பொறுமையை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருவான். உப்புக் குறைந்தால் ஒரு வசவு, கூடினால் இரண்டு, சரியாக இருந்தால் ஏன் இத்தனை நாள் இப்படிச் செய்யவில்லை என்று ஒன்று. பக்கவாதம் வந்து அவன் பேச்சைக் கொண்டுபோனபோது உறவே கூடி அழுதது. அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், கம்பிகள் தொங்கும் தொப்பியை அவன் தலையில் மாட்டித் திரையைக் காட்டினாள். கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"மூளை சும்மா இருக்கறப்பவும் இப்படி அலையடிச்சுக்கிட்டே இருக்கும்க்கா. நீங்க சீரா தட்டினா அலையும் தட்டோட சேந்துக்கும். அது தோதா இருக்கற நேரத்துல வார்த்தை போச்சுன்னா நரம்பு கெட்டியா பிடிச்சுக்கும். நேரம் தப்பிப் போனா வழுக்கிடும்."

"எந்த வார்த்தையா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும். தினமும் தேவைப்படுறதா பாத்து ஆரம்பிங்க."

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராதது. தானாக வராவிட்டால் தட்டியாவது வரவைப்பது என்று வழியிலேயே முடிவுகட்டினாள். அவன் தங்கை வந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் "சாப்... பா... டு" என்று தட்டினாள். மற்ற நேரமெல்லாம் அந்த நான்கு தட்டுதான். அவன் கையை இழுத்துக்கொள்வான். அவள் விடமாட்டாள்.

ஒரு காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது. கரகரவென்று, ஆனால் முழுசாக. "மன்னிச்சிடு." மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். இவனைப் போய் இப்படிக் கரித்துக் கொட்டினோமே என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் மதியம்வரைதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவனிடம், "மன்னிச்சிடு" என்றான். "எதுக்கு சார், லேட்டா வந்தது நான்தானே" என்று அந்த ஆள் நெளிந்தான். மின்விசிறியைப் பார்த்து மன்னிச்சிடு. கழிப்பறைக்குப் போக மன்னிச்சிடு. சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அவளுக்கும் அதுதான் கிடைத்தது.

"என் அண்ணனுக்கு என்னத்த சொல்லிக்குடுத்து வெச்சிருக்கீங்க அண்ணி?"

"மன்னிப்பு கேக்க வேண்டியவர்தானே அவரு. கேக்கட்டும்."

"கேட்டுட்டாரா?"

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அந்தச் சத்தத்தில் அவன் நிமிர்ந்தான். டீ குடிக்கும் நேரம் தாண்டியிருந்தது. முகம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. "மன்னிச்சிடு!" அதே பழைய குரல், அதே அதட்டல். வார்த்தை மட்டும்தான் அவள் கொடுத்தது. எழுந்திருக்கக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்தாள். இன்றைக்கு மட்டுமாவது கூடாது. "மன்னிச்சிடு!" என்று சுவர் அதிர மறுபடி கத்தினான்.

நினைவு வந்து பார்த்தபோது அவள் சமையலறையில் நின்றிருந்தாள். பால் பாத்திரம் அடுப்பில் ஏறியிருந்தது. கையிலிருந்த தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்திருந்தது.