சிட்டுவின் பெயரில்

கம்ப்யூட்டர் டீச்சருக்கு முதலில் உறுத்தியது கமாக்கள்தான்.

அதுவரை 'படகு' என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு கமா என்று ஒன்று இருப்பதே தெரியாது. பூனை குட்டி போட்டதையும் கணக்கில் முட்டை வாங்கியதையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவான். திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அவன் கடிதம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்து நின்றது.

ஐந்து நாட்டு மாணவர்கள் சேர்ந்து நடத்தும் இணையப் பக்கம் அது. சண்டை போடுவதற்கு முன்னால் பேசிப் பார்ப்போமே என்று பிள்ளைகளே ஆரம்பித்தது. சொந்தப் பெயர் கூடாது, புனைபெயர்தான். வாரம் ஒரு கேள்வி, எல்லா நாட்டிலிருந்தும் பதில்; தனிக் கடிதமும் போட்டுக்கொள்ளலாம், வருகிறவற்றை டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார். இந்தப் பள்ளியிலிருந்து ஒன்பது பேர் எழுதினார்கள். பதினொன்றாம் வகுப்பு 'சிட்டு'தான் எதற்கும் முன்னால் நிற்பவள். படகு, ஆற்றுக்கு அக்கரை நாட்டுக்காரன். எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாட்டுக்கும் போர் நடந்தது. டீச்சரின் தம்பி அதில் போய் ஒரு காதைச் செவிடாக்கிக்கொண்டு வந்தவன்.

படகு சிட்டுவுக்கு எழுதிய புதுக் கடிதம் முழுக்கக் கேள்விகளாக இருந்தது. பள்ளி எத்தனை மணிக்கு விடும்? ஆற்றுப் பாலம் ஜன்னலிலிருந்து தெரியுமா? நம் கடிதங்களை வேறு யாராவது படிக்கிறார்களா?

"இது பையன் எழுதினது இல்ல," என்றார் டீச்சர்.

"யாராவது திருத்திக் கொடுத்திருப்பாங்க, டீச்சர். நீங்க யாரைத்தான் நம்புவீங்க?" சிட்டு சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை; அக்கரை ஒற்றன் எவனோ பையன் பெயரில் நுழைந்துவிட்டதாகவே தோன்றியது. திங்கட்கிழமை, நெட் ரிப்பேர், ஒரு வாரத்துக்கு யாரும் லேபுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லேப் பொறுப்பாளர் என்பதால் எல்லோருடைய பாஸ்வேர்டும் அவரிடம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சிட்டுவின் பெயரில் உள்ளே போனார். சிட்டு மாதிரியே தெரிய வேண்டுமே என்று அங்கங்கே எழுத்துப்பிழை விட்டு எழுதினார்.

நாலு நாள் அந்தப் பேச்சு நடந்தது. டீச்சர் தூண்டில் போடுவார். படகு கடிக்காது, பதிலுக்கு வேறொரு தூண்டில் போடும். வியாழக்கிழமை டீச்சர் ஒரு பொய்யை எடுத்துவிட்டார்: எங்கள் பள்ளிக்குப் பின்னால் ராணுவ முகாம் வரப்போகிறது.

பதில் உடனே வந்தது. 'இதை என்னிடம் ஏன் சொல்கிறாய்? யார் சொல்லச் சொன்னது?'

டீச்சர் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் அடுத்த வரி வந்தது.

'நீ சிட்டு இல்லை. அவள் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வாள். நீ ஒவ்வொரு தடவையும் புதுப் பிழை செய்கிறாய்.'

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். பதினெட்டு வருஷமாக நோட்டுத் திருத்துகிற தனக்கே தோன்றாத கணக்கு இது. ஒற்றனுக்கு இந்தக் கண் வராது.

'நீங்கள் வாத்தியாரா?' என்று தட்டினார்.

பத்து நிமிஷம் திரை அசையவில்லை. பிறகு வந்தது: 'நீங்களுமா?'

படகின் பெயரில் எழுதியவர் அக்கரையில் பூகோள ஆசிரியர். சிட்டுவும் படகும் அவரவர் கரையிலிருந்து பாலத்தின் பாதியை வரைந்து ஒட்டுவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்காகச் சிட்டுதான் முதலில் பாலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். படகின் அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறார். உளவு பார்க்கிற பெண் யார் என்று கண்டுபிடிக்க, ஆசிரியர் பையனுடைய பெயரில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் டீச்சர் ஒன்பது பேரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

சிட்டு கத்தவில்லை. "நெட் ரிப்பேர்னு சொன்னீங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "என் பேர்ல பொய் வேற சொல்லியிருக்கீங்க."

"ஆமா. தப்புதான்."

"அவன் இனி என்னை நம்புவானா, டீச்சர்?"



இரண்டு வீட்டுப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மிச்சப் பேர் அக்கரைப் பிள்ளைகளோடு பேசி, பெரியவர்கள் எழுதுவதானால் பெரியவர்களாகவே எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த வாரக் கேள்வியும் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டும்தான்: 'எங்களைப் பார்த்து உங்களுக்கு என்ன பயம்?'

டீச்சர் தம்பியின் காதைப் பற்றி நாலே வரி எழுதினார். பூகோள ஆசிரியர், குண்டு விழுந்த தன் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். கடைசியில், 'போரில் உங்கள் தம்பி எங்கே இருந்தார்?' என்று கேட்டிருந்தார்.

டீச்சர் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். யாரும் கேட்கக்கூடியதுதான். ஆனாலும் இதை எதற்குக் கேட்கிறார்? சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு அந்தக் கேள்வியைச் சொன்னார்.

"கேக்குறவர் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றான் தம்பி.

"வாத்தியார்னு சொல்றார். முகத்தைப் பார்த்ததில்ல."

"சரி, ஆத்தங்கரையில இருந்தேன்னு சொல்லுக்கா. ஊர் பேரை மட்டும் சொல்லிடாத."

டீச்சர் அப்படியே எழுதி அனுப்பினார். ஊர் பெயர் இல்லாமல், தன் சொந்தப் பெயரில்.