ஜோஸ்லினுக்குப் பேர் போட்டு வைத்த கதை

1

இந்தக் கதை என் இடுப்பில் பிறந்தது. எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறி, எதிர்க்கரையில் சாத்தத்தில் இறங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்குவது என் பிழைப்பு. போன வாரம் ஒரு சிமெண்டு மூட்டை என்னைத் தூக்கிப் போட்டுவிட்டது. பாயில் மல்லாந்து கிடந்தபோது கை மட்டும்தான் சும்மா இருந்தது. எழுத ஆரம்பித்தேன்.

(எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. ஒவ்வோர் எழுத்தையும் தூக்கித்தான் வைக்கிறேன். இதற்குக் கூலியும் கிடையாது.)

கதை, எஞ்சின் படகில் மீன்பிடிக்கப் போகிற பக்கத்து வீட்டு லாரன்ஸின் மகள் ஜோஸ்லினைப் பற்றியது. விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவள். முதல் வேலைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதுதான் கதை. இதில் விமானம் பறக்காது. பறக்கும் என்று நம்பி ஏறியவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரி: 'ஆகாயம் அவளை அழைத்தது.'

அடித்துவிட்டேன். ஆகாயம் யாரையும் அழைக்கவில்லை. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடுகிற ஒரு கம்பெனி, ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தது.

'பறவையைப் போல ஜோஸ்லின்—'

இதுவும் வேண்டாம். பறவைக்குப் பரீட்சை கிடையாது. ஜோஸ்லினுக்கு உண்டு. எழுத்துப் பரீட்சை முடிந்ததும் சிமுலேட்டர் என்கிற பெட்டிக்குள் உட்கார்ந்து, நிஜ விமானம் போல ஓட்டிக் காட்ட வேண்டும். தோற்றால் ஒரு வருஷத்துக்கு அந்தக் கம்பெனி வாசலை மிதிக்க முடியாது. அவளோ, கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் படித்து முடித்து வந்ததிலிருந்து விமானத்தைத் தொடவில்லை. நன்றாகப் பழகிவிட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டால்? அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவுதான் முடிச்சு.

3

இந்த இடத்தில் அவளைக் கடற்கரையில் உட்காரவைத்து மூன்று பக்கம் யோசிக்கவிடலாம் என்று திட்டம். எதற்கும் அவளிடமே கேட்டேன்.

"கடலப் பாத்து யோசிப்பியாம்மா?"

"கடல என்னத்துக்கு மாமா பாக்கணும்? பொறந்ததுல இருந்து அதத்தான பாக்குதேன். நான் சிமுலேட்டர் வீடியோ பாக்கேன். பழகிட்டு அக்டோபர்ல அப்ளை பண்ணுவேன்."

மூன்று பக்கம் மிச்சம்.

4

அக்டோபர் வரை கதையை இழுப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லாரன்ஸ் அதைக் கெடுத்தான். எழுதுகிறவன் பேச்சைக் கதாபாத்திரம் கேட்கும் என்கிறார்கள். இவன் என் ஸ்பேனரையே திருப்பித் தராதவன்.

"ஆவுடையப்பண்ணே, பிள்ளைக்குப் பேரப் போட்டு வச்சிட்டேன்."

"எந்தக் கப்பலுக்கு?"

"கப்பல் இல்லண்ணே, ஏரோப்ளேனு. டிரைவர் சீட்டுக்கு! ஐலண்டர் கோட்டா உண்டான்னு கேட்டேன், கம்ப்யூட்டர் கடைக்காரன் சிரிக்கான்."*

* தீவுக்காரர் அல்லாதவர்களுக்கு: இங்கே கப்பல் தேதி தெரிந்தால் முதலில் டிக்கெட் போடுவோம். பயணம் போக வேண்டுமா என்பதை அப்புறம் யோசிப்போம். வேண்டாம் என்றால் கேன்சல். தீவுக்காரர்களுக்குக் கப்பலில் தனி ஒதுக்கீடு உண்டு, அதுதான் ஐலண்டர் கோட்டா. லாரன்ஸ் அபர்டீன் பஜாரில், எப்போதும் கப்பல் டிக்கெட் போடுகிற கடையிலேயே மகளுக்கு வேலையும் போட்டுவிட்டான். சர்டிபிகேட் எல்லாம் அவன் போனில் இருந்தன.

கம்பெனி உடனே பதில் அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை சென்னையில் பரீட்சை. விலகுவதென்றால் இன்று மதியத்துக்குள் விலக வேண்டும். சொல்லாமல் வராவிட்டால் தோற்றதாகவே கணக்கு. பாஸ்வேர்டோ கடைக்காரனிடம் இருக்கிறது.

5

காலை ஃபெர்ரியில் அப்பனும் மகளும், நடுவில் நானும் என் இடுப்பும்.

"யாரக் கேட்டுப்பா போட்டீங்க?"

"கேட்டுக்கிட்டு நின்னா சீட்டு போயிரும்லாட்டி."

"கப்பல்ல ஏறிப் படுத்தா சென்னை வந்துரும். இத நான்லா ஓட்டணும்! நம்ம போட்டோட எஞ்சின் லேசா இருமுனாலே நீங்க கடலுக்குப் போமாட்டீங்க. நான் மட்டும் இருமிக்கிட்டே போவணுமாக்கும்?"

"கரையோரமா ஓட்டிப் பாப்பேன்லா? கரையில போட்டு வச்சா எஞ்சின் தானா சரியாயிருமா?"

"எனக்குக் கரையோரம் எங்கப்பா இருக்கு? தோத்தா ஒரு வருஷம்."

"அரே, தோத்தா தோத்துட்டுப் போ. வீட்டுக்குத்தான வருவ?"

"அதுக்குத்தான் பயமாயிருக்கு."

லாரன்ஸ் எழுந்து, சாத்தம் வரும் முன்பே இறங்கும் வாசலில் போய் நின்றுகொண்டான்.

6

அன்றுதான் வேலைக்குத் திரும்புவதாக இருந்தேன்; சாத்தத்தில் இறங்கித் துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கதை என் கண் முன்னால் பஸ் ஏறும்போது நான் மட்டும் மூட்டையைப் பார்த்துப் போவதா? பஸ்ஸில் அவளுக்கு என் முடிவுகளை வாசித்துக் காட்டினேன்.

(அ) திங்கட்கிழமை தேறிவிடுகிறாள். ஒரு நாள் அப்பனை ஏற்றிப் பறக்கிறாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லி லாரன்ஸ் தகராறு செய்கிறான்.

(ஆ) தோற்றுவிடுகிறாள். கப்பலில் திரும்பி வருகிறாள். மழை. (மழை வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.)

(இ) விலகுகிறாள். அக்டோபரில் கம்பெனி ஆளே எடுக்கவில்லை. அல்லது எடுக்கிறது, அப்போது அவள்—

"மாமா, மூணுலயும் கம்பெனிதான் ஏதோ செய்யுது. நான் என்ன செய்யுதேன்?"

நான் பேனாவை மூடிவிட்டேன்.

7

கடைக்காரன், "க்யா கரூ? கேன்சல்?" என்று இந்தியில், என்ன செய்ய என்று கேட்டான்.

ஜோஸ்லின் அவனை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக அவனைக் கேட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, வெளிய நில்லுங்க."

லாரன்ஸ் நகர்ந்தான். நான் அசையவில்லை. கதை என்னுடையது அல்லவா?

"மாமா, நீங்களும்."

வெளியே வெயில். கண்ணாடிக் கதவு முழுக்கக் கப்பல் அறிவிப்புகள் ஒட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"எழுதுதவரு நீங்கதான, என்ன செய்வாண்ணே?" என்றான் லாரன்ஸ்.

"எனக்கு என்னலே தெரியும்?"

உங்களை அவள் வெளியே போகச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் உள்ளே, அவள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். திங்கட்கிழமை போவதா, விலகுவதா, எதை அமுக்கினாள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வந்தால் எங்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் வாயால் சொல்லட்டும்.