இருபத்திரண்டாம் எண் டோக்கன்

"அந்த வரியை அடிச்சிடுக்கா, நான் சொல்றதைக்..."

"அடிக்க மாட்டேன்டா. நீ முதல்ல..."

"ஐம்பது வருஷம் கழிச்சு இது யாருக்கு?"

"எனக்கு. அவமானத்தோடயே செத்துப்போன அம்மாவுக்கு."

எழுபது வயதிலும் அக்கா அதட்டினால் தம்பி சின்னப்பிள்ளைதான்.

தொலைக்காட்சிக் கோபுரத்தின் அடித்தளத்தில், டோக்கன் பலகைக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவன் அந்தக் காவல் நாற்காலியை விடவில்லை. கோபுரத்தின் பொன்விழாவுக்கு அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஆவண அறையிலேயே காலம் தள்ளிய அக்காவிடம் அச்சுப்படியைத் திருத்தக் கொடுத்திருந்தார்கள். 'ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை' என்ற வரிக்குக் கீழே அவள் எழுதிவிட்டாள்: 'மேலே போன ஒருவர் இறங்கவில்லை.'

அந்த ஒருவர் அவர்களுடைய அப்பா. வெல்டர்.

"ஓடிப்போயிட்டாருன்னு ஊரே சொல்லுச்சேக்கா."

"ஊரு சொல்லும். அம்மா காதுபடவே சொல்லுச்சு. நீ சொல்லு. அன்னிக்குப் பலகை யார் பொறுப்பு?"

உச்சிக்கு ஏறுகிறவர் தன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். இறங்கியதும் அவரேதான் கழற்ற வேண்டும். மேலே ஆள் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உயிர் தப்பாது என்பதால், ஒரு டோக்கன் தொங்கினாலும் ஒளிபரப்புக்கு மின்சாரம் போகாது.

"திறப்பு விழா," என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பெரிய மனுஷங்க எல்லாம் வந்து உட்கார்ந்தாச்சு. பனிமூட்டத்துல மேல ஒண்ணும் தெரியல. பலகையில ஒரே டோக்கன், இருபத்திரண்டு. 'உங்கப்பன் படிவழியா இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான், கழட்டுடா'ன்னாரு மேஸ்திரி. அப்பாவும் மறதிக்காரர்தானே. கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுட்டு வீடு பூரா தேடுவாரே." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கழட்டிட்டேன்க்கா. திரையில படம் வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

மறுநாள் உச்சியில் அப்பாவின் கருவிப்பை மட்டும் கிடந்தது. ஆள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. "எங்கடா அந்த டோக்கன்?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தான். ஐம்பது வருடம் கைபட்டு எண்ணே தேய்ந்திருந்தது.

"மாட்டு."

"கீழ பராமரிப்பு வேலை முடிஞ்சு பத்து மணிக்குப் பவர் போடுவாங்கக்கா..."

"மாட்டுடா."

மாட்டினான். பலகையில் வேறு டோக்கன் இல்லை. காலையிலிருந்து யாரும் ஏறவுமில்லை.

உச்சித்தளத்திலிருந்து லிஃப்டை அழைக்கும் மணி அடித்தது.

காலி லிஃப்ட் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது. கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக ஏறி முப்பத்தொன்றில் நின்றன. உள்ளே ஆள் நின்றால் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது. முப்பது. இருபத்தொன்பது.

மேசைத் தொலைபேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்.

"பெரியவரே, பவர் ஏறமாட்டேங்குது. மேல ஆள் இருக்கறதா காட்டுது. யாராச்சும் மறந்துட்டுப் போயிருப்பாங்க, நீங்களே கழட்டி விட்டுடுங்க."

தம்பியின் கை கொக்கிவரை போயிற்று. அக்கா தடுக்கவில்லை, எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு. பதினைந்து.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் தொட மாட்டேங்க. இறங்கிக்கிட்டிருக்காரு, அவரே வந்து கழட்டட்டும்."