சந்தகைக்கு இரண்டு பேர்

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணப் பந்தியில் ரசம் சப்பென்று இருந்தால் எல்லோரும் "நல்லாருக்குதுங்க" என்று சொல்லி இலையை மடித்துவிட்டுப் போவார்கள். நான் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பேன். எங்கள் பக்கத்து மரியாதைக்கு இது பெரிய குற்றம். உக்கடத்தில் எந்தக் கடையில் மீன் வறுவல் எப்போது சட்டியிலிருந்து இறங்கும், பொள்ளாச்சிச் சந்தைப் பக்கம் எந்த மெஸ்ஸில் குடல் கறி நன்றாக வெந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் நடத்தும் மோட்டார் உதிரிபாகக் கடையைப் பற்றி இவ்வளவு தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் சமைக்கத் தெரியாது. தட்டு வரும், நான் குறை சொல்வேன், அம்மா அடுத்த தோசையைப் போடுவாள். முப்பத்து மூன்று வயதுவரை வீடு இப்படித்தான் நடந்தது.

அப்புறம் மோகனப்பிரியா வந்தாள். காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் பரிமாறியவரை நிறுத்தி, "ஏனுங்க, ரசத்துல மொளகு போட மறந்துபோட்டீங்களா?" என்று கேட்டாள். நான் கேட்க வாயெடுத்த அதே கேள்வி. முதலில் பொறாமையாக இருந்தது. பாயசம் வருவதற்குள் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வெள்ளகோவில் பெண், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. பெரியவர்கள் பேசினார்கள், ஜாதகமும் பொருந்தியது. நாங்கள் இருவரும் போனில் பேசினோம். காதலர்கள் பேசுவதை எல்லாம் பேசினோம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளுப்பருப்புக்கு நல்லெண்ணெய் ஊற்றுவதா, நெய் ஊற்றுவதா என்று சண்டைதான் போட்டோம். அந்தச் சண்டையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏனுங்க அருண், நானும் நல்லாத் திம்பேன், நீங்களும் நல்லாத் திம்பீங்க. அப்ப ஆக்கறது யாருங்க?"

"அம்மா இருக்காங்கல்ல" என்றேன்.  சொல்லி முடிக்கும்போதே நான் எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துவிட்டது.

"எனக்கும் ஒண்ணும் ஆக்கத் தெரியாதுங்க. கத்துக்கறேன். நீங்களும் கத்துக்குவீங்களான்னு பாக்கோணும். வார ஞாயித்துக்கிழமை எங்கப்பாவோட உங்க ஊட்டுக்கு வாரேன். நீங்களே சந்தகை செஞ்சு போடுங்க. ஊட்டுல யாரும் கை வெக்கக் கூடாதுங்க. சாப்புட்டுப்போட்டு, சரியா இல்லையான்னு சொல்லிப்போடறேன்."

உப்புமா கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சந்தகை! புழுங்கலரிசியை ஊறவைத்து, மையாக அரைத்து, இட்லியாக ஊற்றி அவித்து, கொதிக்கக் கொதிக்க அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் இட்லி கல்லாகிவிடும். கைப்பிடி அசையாது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சந்தகைதான். முதல் நாள் மாவு தண்ணீராகிப் போயிற்று. மறுநாள் கிரைண்டர் மூடியைப் போடாமல் சுவிட்சைத் தட்டினேன், சுவரெல்லாம் மாவு. அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். "உப்புச்சப்பில்ல கண்ணு. சமையல்காரரக் கூப்புடு, விசாரிக்கலாம்" என்று எனக்கே என் வசனத்தைத் திருப்பிப் போட்டாள். சனிக்கிழமை நூல் நூலாக நல்ல சந்தகை விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இட்லி வெந்து ஆவி பறந்துகொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. வாசலுக்குப் போய் "வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அவளுடைய அப்பா பொங்கியண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூர்வீகம் எந்தூருங்க தம்பி? கோயில் எதுங்க?"

சொன்னேன்.

"அப்படியா! அந்தூர்ல எங்க சின்ன மச்சானோட பங்காளி ஒருத்தர் தோட்டம் வெச்சிருக்காருங்களே, தெரியுமுங்களா?"

எங்கள் பக்கம் இந்த விசாரணை ஒரு தடவை தொடங்கினால், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஓர் ஆள் அகப்படும்வரை ஓயாது. நடுவில் எழுந்து போனால் மரியாதையில்லாத பையன் என்று பெயர் வந்துவிடும். ரசத்துக்கு மரியாதை பார்க்காத நான் அன்றைக்கு மாமனாருக்குப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளே இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பல்லடத்தில் ஒரு பொது உறவினர் கிடைத்தார். நான் சமையலறைக்கு ஓடினேன். ஒரு இட்லியை அச்சில் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் இட்லி இறங்கவில்லை, மூன்று கால் அச்சுதான் மொத்தமாகச் சுற்றியது. அப்போதுதான் உறைத்தது. வாரமெல்லாம் அம்மா எதிரில் உட்கார்ந்து அச்சின் கால்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். பேச்சும் கேலியுமாக அவள் செய்த அந்தக் காரியம் என் கணக்கிலேயே வரவில்லை. எங்கள் ஊரில் சந்தகைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். தட்டில் விழுந்ததை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்து அச்சைப் பாதங்களால் அணைத்துக்கொண்டு திருகிப் பார்த்தேன். நன்றாக வியர்த்தது. இந்தப் பெண் போய்விடுவாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் திருகினேன். 

"என்னங்க, அச்சோட மல்லுக்கட்டறீங்களா?" மோகனப்பிரியா கதவருகே நின்றிருந்தாள்.

"முடியலீங்க" என்றேன். "இட்லி ஆறிப்போச்சு. ஆறாட்டியும் என்னால தனியாப் புழிய முடியாது. இத்தன நாளும் எங்கம்மா புடிச்சுக்கிட்டாங்க. அது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "மறுபடியும் ஆவி காட்டுங்க. நான் புடிச்சுக்கறேன்."

"கை வெக்கக் கூடாதுன்னீங்க?"

"உங்கூட்டுக்காரங்களத்தானுங்க சொன்னேன். எனக்குப் பசிக்குதுங்க, சீக்கிரம்."

அவள் பிடிக்க நான் திருகினேன். முதல் ஈடு கட்டியாக விழுந்தது. அடுத்தது நூலாக இறங்கியபோது இருவரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்றோம்.

தேங்காய்ப்பால் ஊற்றிப் பரிமாறினேன். பொங்கியண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "நொம்ப நல்லாருக்குதுங்க தம்பி" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள்.

"உப்பே இல்லீங்க" என்றாள் மோகனப்பிரியா.

 அரைக்கும்போது உப்புப் போட மறந்திருந்தேன். ஊர்ச் சாப்பாட்டையெல்லாம் நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொன்னவன், என் சமையலை ஒரு விள்ளல்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை.

"அம்மணி!" என்றார் அவள் அப்பா பதறிப்போய். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இன்னும் சாப்புடலீங்களா?"

இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. பசியெடுத்ததே தெரியவில்லை. என் வாழ்க்கையில் இப்படி நடந்ததேயில்லை.

"உக்காருங்க" என்று என் வீட்டில் என்னை உட்கார வைத்தாள். சமையலறையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து, ஒரு தட்டில் சந்தகை வைத்து, மேலே கொஞ்சம் தூவிப் பிசறிக் கொடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டேன். சரியாக இருந்தது. கண் கலங்கியது. தேங்காய்ப்பாலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அப்பறம் என்ன கண்ணு சொல்றே?" என்று பொங்கியண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாள் பாருங்கப்பா. உப்ப நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் என் பதிலுக்காக என் பக்கம் திரும்பினார்கள். வாய் நிறையச் சந்தகை. தலையை மட்டும் ஆட்டினேன்.